கருப்பசாமியின் மூன்று சென்ட்

என்னை வழக்கறிஞர் ஆணையராக நியமித்ததை எதிர்த்து வாதிகள் மனுப் போட்டார்கள். இவர் கடவுள் இல்லை என்று மேடையேறிப் பேசுகிறவர், இவர் எழுதும் அறிக்கையில் எங்கள் குலசாமிக்கு நியாயம் கிடைக்காது என்பது அந்த மனுவின் சாரம். நான் மேடையேறிப் பேசியது உண்மை. மனு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் அதே சந்தேகம் வந்திருக்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. காவிரியின் வடகரையில் ஒரு மாவட்ட முன்சீப் நீதிமன்றம். வழக்குச் சொத்து நாற்பது சென்ட் மானாவாரிப் புஞ்சை. அதன் வடகிழக்கு மூலையில் ஒரு பழைய வேம்பு, வேம்படியில் நட்டுவைத்த மூன்று கற்கள். கூரை கிடையாது, சுவர் கிடையாது, சிலையும் கிடையாது. ஒரு வகையறாப் பங்காளிகள் அனைவருக்கும் அதுதான் கருப்பசாமி. நிலம் கைமாறியது. வாங்கியவர் அதே ஊர்க்காரர். ஆழ்துளைக் கிணறு போட்டார், முள்வேலி கட்டினார். ஆடிப் படையலுக்குப் போனவர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. வகையறா முழுவதின் சார்பிலும் நான்கு பேர் சேர்ந்து பிராது கொடுத்தார்கள்.

அவர்கள் கேட்டது இரண்டு. நாற்பது சென்டும் சாமிக்குச் சொந்தம் என்று விளம்ப வேண்டும் என்பது ஒன்று. அது இல்லாவிட்டாலும், ஊர்ச் சாலையிலிருந்து மரம்வரை வழிநடைப் பாத்தியமும் மரத்தடியில் கும்பிடும் உரிமையும் எங்களுக்கு உண்டு, அதைத் தடுக்கக் கூடாதென நிரந்தர உறுத்துக்கட்டளை வேண்டும் என்பது மற்றது. பிரதிவாதியின் எதிருரை ஒரே போடாகப் போட்டது. அங்கே கோயிலே இல்லை, பாதையும் இல்லை, அந்தக் கற்கள் வழக்குக்காக அண்மையில் கொண்டுவந்து நட்டவை.

கற்கள் பழையவையா புதியவையா, பாதை இருக்கிறதா இல்லையா என்பதை நேரில் பார்த்து எழுதத்தான் நீதிமன்றம் என்னை அனுப்பியது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 26, விதி 9. அந்த விதியில் ஆணையரின் மதம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாதிகளின் வக்கீல் கெட்டிக்காரர். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 10-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். அத்துறையின் ஆணையர் முதலானோர் இந்து மதத்தைப் பின்பற்றுகிறவர்களாக இருக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது. கோயில் நிர்வாகத்துக்கு அப்படியென்றால் கோயிலைப் பற்றி அறிக்கை எழுதவும் அப்படித்தானே என்று கேட்டார். நீதிபதி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். அவர் மனுவைத் தள்ளுபடி செய்தார். “சாமியைப் பற்றி அறிக்கை கேட்கவில்லை. தரையில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறேன்” என்றார்.

அன்று மாலை வராந்தாவில் பிரதிவாதியின் வக்கீல் என் தோளைத் தட்டினார். “உங்களுக்குத் தெரியாததா அண்ணே, கல்லு கல்லுதானே” என்றார். எதிர்ப்பு மனுவைவிட இந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. வாதிகள் என்னைச் சந்தேகித்தார்கள். இவரோ, என் கொள்கை தன் கட்சிக்காரருக்கான தீர்ப்பு என்றே முடிவு கட்டிவிட்டார்.

நான் பெரியார் தொண்டர் ஒருவரின் மகன். 1953 மே 27 அன்று பிள்ளையார் பொம்மையைப் பெரியார் திருச்சியில் உடைத்த கதையை அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன். வீரபத்திரன் செட்டியார் அதன்மீது இந்திய தண்டனைச் சட்டம் 295-ஆம் பிரிவில் புகார் கொடுத்தார். குற்றவியல் நடுவர் தள்ளினார், அமர்வு நீதிமன்றம் தள்ளியது, சென்னை உயர்நீதிமன்றமும் தள்ளியது, கடைசியில் 1958-இல் உச்சநீதிமன்றமும் தள்ளியது. அப்பா சொன்ன கதை அங்கே முடிந்துவிடும். சட்டம் படிக்கிறபோது அந்தத் தீர்ப்பை முழுமையாக எடுத்து வாசித்தேன். முடிவு என்னவோ அப்பா சொன்னதுதான். ஐந்தாண்டு பழையதாகிவிட்ட புகாரை மறுபடி கிளற வேண்டாமென்று நீதிமன்றம் விட்டுவிட்டது. ஆனால் போகிற வழியில் கீழ் நீதிமன்றங்கள் அந்தப் பிரிவுக்குக் கொடுத்த பொருள் தவறு என்றும் எழுதியிருந்தது. பிரதிஷ்டை செய்யப்படாத களிமண் பொம்மை புனிதமானதல்ல என்று அவை சொன்னதை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு பொருள் எவ்வளவு அற்பமாக இருந்தாலும், ஒரு வகுப்பு மக்கள் அதைப் புனிதமாகக் கொண்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் அது புனிதப் பொருள்தான். அந்த நம்பிக்கையை நீதிபதி ஏற்கிறாரா, அது பகுத்தறிவுக்கு ஒத்ததா என்பது கேள்வியே அல்ல. தீர்ப்பின் கருத்து இது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குன்றக்குடி மடத்தில் அடிகளார் பூசிய திருநீற்றைப் பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்டதை எடுத்துச் சொன்னார். “கொள்கை அவருக்கு. மரியாதை எதிர்ல இருக்கறவருக்கு” என்றார். பெரியாரியத்தில் எனக்குக் கிடைத்த முதல் சட்டப் பாடம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

குறித்த நாளில் சர்வேயருடன் போனேன். இரு தரப்பு வக்கீல்களும் நான் எதையெதைக் குறிக்க வேண்டுமென்று மெமோ கொடுத்திருந்தார்கள். மரத்தை நெருங்கியதும் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். கற்கள் வழக்குக்காக நட்டவை என்று சத்தியப் பிரமாணம் தாக்கல் செய்திருந்த பிரதிவாதியும் கழற்றினார். யோசித்துச் செய்ததல்ல, கால் தானாகச் செய்த காரியம். வாதிகளின் வக்கீல் உடனே பிடித்துக்கொண்டார். “குறிச்சுக்குங்க சார், பிரதிவாதி செருப்பைக் கழட்டுனாரு.”

நான் குறிக்கவில்லை. எனக்குக் கொடுத்த வாரண்டு நிலத்தில் உள்ளவற்றைக் குறிப்பதற்கு, மனிதர்களின் மனத்தைக் குறிப்பதற்கல்ல. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. பயம் வேறு, ஒப்புதல் வேறு. கருப்பசாமி என்றால் அந்த வட்டாரத்தில் யாருக்குத்தான் பயமில்லை? பிரதிவாதியும் கும்பிடுகிறவர்தான். அவருடைய பக்தியை எடுத்து அவருக்கு எதிரான சாட்சியாக்குவது நியாயமில்லை என்று பட்டது. பக்தர்களை நியாயமாக நடத்துவது என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டபோது வாதிகளை மட்டும் நினைத்திருந்தேன் என்றால், அந்த வேம்படியில் கணக்கு அத்தனை எளிதாக இல்லை. வாதி பக்தர், பிரதிவாதி பக்தர், அறிக்கை கேட்ட நீதிபதியும் பக்தர்.

பூசாரி எழுபதைக் கடந்த பெரியவர். தட்டில் திருநீறு கொண்டுவந்தார். “ஐயா, இன்னைக்கு நான் கோர்ட்டு ஆளு. ரெண்டு பக்கத்துலயும் பச்சத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது” என்றேன். அவர் தட்டை விலக்கிக்கொண்டார். “அதுவும் சரிதானுங்க. வேலையப் பாருங்க” என்றார்.

வேலை அரைநாள் பிடித்தது. மூன்று கற்களிலும் எண்ணெயும் மஞ்சளும் புகையும் சேர்ந்து ஏடு ஏடாகப் படிந்திருந்தன. ஒரு ஓரம் உதிர்ந்த இடத்தில் படலத்துக்குக் கீழே படலம் தெரிந்தது. மரத்தைச் சுற்றி அரிவாள்கள். புதிதாகச் சாணை பிடித்தவையும் உண்டு, கையில் எடுத்தால் பொடியாக உதிரும் துருவும் உண்டு. மண் குதிரைகளில் இரண்டுதான் முழுசாக நின்றன. மற்றவை கால்களும் கழுத்துகளுமாக மண்ணில் பாதி புதைந்து கிடந்தன. எல்லாவற்றையும்விட என்னை நிற்க வைத்தது மரத்தில் அடித்திருந்த ஒரு இரும்பு வளையம். மணி கட்டுவதற்காக யாரோ என்றோ அடித்தது. வேம்பு வளர்ந்து வளர்ந்து அந்த வளையத்தில் பாதியைத் தன் பட்டைக்குள் விழுங்கியிருந்தது. வளையம் பட்டைக்குள் எத்தனை அங்குலம் போயிருக்கிறது என்பதை அளந்து எழுதினேன். எத்தனை ஆண்டு என்று எழுதவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பாதை எஃப்எம்பி எனும் நில அளவை வரைபடத்தில் இல்லை. தரையில் இருந்தது. சாலையிலிருந்து மரம்வரை ஆறடி அகலத்துக்கு மண் இறுகிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. இருபுறமும் உழவு சால் அந்த விளிம்புவரை வந்து திரும்பியிருந்தது. அதன் குறுக்கேதான் புது முள்வேலி நின்றது.

இதுவரை எழுதியது வாதிகளுக்குச் சாதகம். அடுத்த பக்கம் அப்படி இல்லை. நாற்பது சென்டும் திருவிழாக் களம், சாமி நிலத்தில் ஏர் பூட்டியதே இல்லை என்பது அவர்கள் வழக்கு. நிலத்தில் சோளத்தட்டை நின்றது. மரத்துக்குப் பதினைந்தடி தூரம்வரை பழைய உழவு சால்கள் இருந்தன. பொங்கல் வைத்த கரி படிந்த அடுப்புக் கற்கள் மரத்தை ஒட்டிய பகுதியைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. சர்வேயர் கயிறு பிடித்து அளந்தார். வழிபாட்டின் அடையாளம் உள்ள பரப்பு பாதை நீங்கலாக மூன்று சென்ட்.

வாதிகளில் இளையவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “சாமிக்கு மூணு சென்ட்தானுங்களா? கூடக் கொஞ்சம் எழுதுனா உங்களுக்கு என்னங்க குறைஞ்சிடப் போவுது” என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் எழுதுவதற்கு முன் வேறு ஒன்றை எனக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நம்பிக்கை இல்லாதவன் நம்புகிறவர்களிடம் இரண்டு விதமாக அநியாயம் செய்யலாம். கல்லு கல்லுதானே என்று அவர்கள் வாழ்க்கையையே தள்ளிவிடுவது ஒன்று. பாவம், எளிய மனிதர்கள், கேட்டதைக் கொடுத்துவிடுவோம் என்று அளவை நெகிழ்த்துவது இன்னொன்று. இரண்டாவது பார்ப்பதற்குப் பெருந்தன்மைபோல் இருக்கும். அதற்கு அடியில் இருப்பது, இவர்களிடம் ஆதாரம் எதிர்பார்க்க முடியாது என்ற எண்ணம்தான். வளர்ந்த மனிதர்களைக் குழந்தைகளாக நடத்துவது அது. நிலத்தகராறில் வேறு எவரிடம் என்ன கேட்பேனோ அதையேதான் இவர்களிடமும் கேட்க வேண்டும். மூன்று சென்ட் என்றே எழுதினேன்.

அறிக்கைக்கு இரு தரப்பும் ஆட்சேபணை தாக்கல் செய்தது. என்னை நீதிமன்ற சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்கள். கடவுள் பெயரால் சத்தியம் செய்யாமல் உளமார உறுதி கூறினேன். 1969-ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டம் இரண்டையும் சமமாக வைக்கிறது.

பிரதிவாதியின் வக்கீல் முதலில் கேட்டார். “உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?”

“இல்லை.”

“அந்த மூன்று கல்லில் சாமி இருப்பதாக நம்புகிறீர்களா?”

“இல்லை.”

“பிறகு ஏன் வழிபாட்டுத் தலம் என்று அறிக்கையில் எழுதினீர்கள்?”

“தலம் என்று நான் எழுதவில்லை. அங்கே நீண்ட காலமாக வழிபாடு நடந்ததற்கான அடையாளங்கள் என்னென்ன இருக்கின்றன என்று எழுதியிருக்கிறேன். கும்பிடுகிறார்கள் என்பது என் நம்பிக்கையைச் சார்ந்ததல்ல.”

வாதிகளின் வக்கீல் எதிர்த் திசையிலிருந்து வந்தார். நாத்திகர் என்பதால்தானே மீதி முப்பத்தேழு சென்டிலும் சாமியைக் காணவில்லை என்று கேட்டார். சாமியை மூன்று சென்டிலும் நான் தேடவில்லை, சோளத்தட்டையைத்தான் முப்பத்தேழு சென்டில் பார்த்தேன் என்று பதில் சொன்னேன்.

வழக்கின் போக்கைத் தீர்மானித்தது என் சாட்சியம் அல்ல, பூசாரியுடையது. அவருக்கு முன்னால் சாட்சி சொன்ன வாதி ஒருவர், அதே கடவுள் பெயரால் சத்தியம் செய்து, அந்த நிலத்தில் ஏர் பூட்டியதே இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தார். பூசாரியும் வாதிகள் தரப்புச் சாட்சிதான். குறுக்கு விசாரணையில் நிலத்தில் சோளம் விதைத்தார்களா என்று கேட்டார்கள்.

“விதைப்பாங்க. எங்க அப்பாரு காலத்துலயே விதைப்பாங்க.”

“யாரும் தடுக்கவில்லையா?”

“எதுக்குங்க தடுக்கணும்? சாமிக்கு மரத்தடி. வெள்ளாமை பட்டாக்காரருது. ஆடியில நாங்க வருவோம், அவுங்க வழி விடுவாங்க. கிடாக் கறியில பட்டாக்காரருக்கும் ஒரு பங்கு போவும்.”

கூடத்தில் வாதிகள் பக்கம் முகங்கள் இருண்டன. ஆனால் அந்த ஒரு பதில் முதல் கோரிக்கையை உடைத்தபோதே இரண்டாவதை நிலைநிறுத்திவிட்டது. வசதியுரிமைச் சட்டம் கேட்கிற எல்லாமே அதில் இருந்தன. சண்டையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு, இடையறாமல், இருபது ஆண்டுக்கும் மேலாக.

வெளியே வந்ததும் ஒரு நண்பர், சாமிக்குப் பயந்து உண்மையைச் சொல்லிவிட்டார் என்றார். இருக்கலாம். பூசாரியைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். எனக்கு அதை மறுக்க வேண்டிய அவசியமில்லை, ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய வார்த்தைக்கு எடை வந்தது அது அவர் தரப்புக்கே பாதகமாக இருந்தும் சொன்னதால். சட்டம் எல்லாச் சாட்சியையும் இப்படித்தான் எடை போடுகிறது. ஒரே சாமியின் பெயரால் ஒருவர் பொய் சொன்னார், ஒருவர் மெய் சொன்னார். பக்தர் என்பதற்காக ஒருவரை நம்பியிருந்தால் இருவரையும் நம்பியிருக்க வேண்டும். பக்தர் என்பதற்காக ஒதுக்கியிருந்தால் இருவரையும் ஒதுக்கியிருக்க வேண்டும். இரண்டிலும் உண்மை தவறிப் போயிருக்கும்.

தீர்ப்பு வந்தது. அது கோயிலே அல்ல, சிலைகூட இல்லை என்ற வாதத்தை நீதிபதி விரிவாக ஆராய்ந்திருந்தார். அறநிலையச் சட்டத்தின் இலக்கணப்படி கோயில் என்பது பொது வழிபாட்டுக்கு உரிமையோடு பயன்படும் இடம், அது எந்தப் பெயரில் இருந்தாலும் சரி. கோபுரமோ கொடிமரமோ சிலையோ அந்த இலக்கணத்தில் இல்லை. ராமசாமி சேர்வை வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் விஸ்வநாத சாஸ்திரி இதே கருத்தை எழுதியிருப்பதை எடுத்துக் காட்டினார். சிலை இருப்பது சட்டத்துக்குக் கட்டாயமல்ல, அந்த இடத்தில் தெய்வம் உறைவதாக வழிபடுகிறவர்கள் கருதுவதே முக்கியம் என்பது அது. பிரதிவாதி தானே தாக்கல் செய்த மூலப்பத்திரத்தில், நான்கெல்லை சொல்லும் இடத்தில் கருப்பு மேடை என்ற சொல் கிடந்ததையும் நீதிபதி கண்டுபிடித்திருந்தார். மூன்று சென்டில் வழிபாட்டு உரிமை, ஆறடிப் பாதை, வேலியை அகற்ற உத்தரவு. மீதி நிலம் பிரதிவாதிக்கு, எந்தத் தடையும் இல்லாமல். செலவுத் தொகை யாருக்கும் இல்லை. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பே நின்றது.

அன்றிலிருந்து மேடையில் என் பேச்சு மாறியதா என்று தோழர்கள் கேட்பதுண்டு. மாறவில்லை. கருப்பசாமி இல்லை என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்பதில் எனக்குத் தெளிவு உண்டு. மேடையில் நான் பேசுவது கடவுளைப் பற்றி. நீதிமன்றத்தில் என் முன் நிற்பது மனிதர்கள். மனிதர்கள் என்ன செய்தார்கள், எவ்வளவு காலம் செய்தார்கள், யாருடைய உரிமையில் கை வைத்தார்கள் என்பவற்றுக்கு விடை காண நான் நம்பவும் வேண்டியதில்லை, நம்பாமலிருக்கவும் வேண்டியதில்லை.

இதில் எனக்கு ஒரு கடனும் உண்டு. என் பெற்றோரின் திருமணம் ஐம்பதுகளில் மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணம். அதே ஐம்பதுகளில் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை என்பதால் அத்தகைய திருமணம் செல்லாது என்று சொன்னது. நம்பிக்கையில்லாதவர்களின் வாழ்க்கையை நம்பிக்கையுள்ளவர்களின் கோலால் அளந்த தீர்ப்பு அது. அந்த அளவின்படி என் தாய் மனைவியல்ல. அண்ணா ஆட்சியில் 1967-இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த திருமணங்களுக்கும் சேர்த்து உயிர் கொடுத்தது. அந்தச் சட்டசபையைத் தேர்ந்தெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கோயிலுக்குப் போகிறவர்கள். மாலை மாற்றுவது அவர்கள் முறையல்ல. ஆனாலும் இந்த மனிதர்கள் இதைத் திருமணமாகக் கொண்டு வாழ்கிறார்கள் என்பதே போதும் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது.

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறது. மறுக்கும் என் உரிமையும் பூசாரியின் படையல் உரிமையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அவருடையதை ஒரு அடி குறைத்து அளந்தால், நாளை என்னுடையதைக் குறைக்க வருகிறவனுக்கு நானே கயிறு எடுத்துக் கொடுத்தவனாவேன். இளம் வழக்கறிஞர்கள் இப்படிப்பட்ட வழக்கோடு வரும்போது நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் கொள்கையை யாருக்காகவும் மறைக்காதீர்கள். எதிரே நிற்பவர் அதை அறிந்தே உங்களிடம் அளவைக் கொடுக்கும்படி நடந்துகொள்ளுங்கள்.